சக்ஷன் ஹோஸில் காற்று: 10 மி.மீ. போல்ட்டில் ஒரு கம்பி இறுக்கி

பம்பு ஓடத் தொடங்கியதும் தண்ணீர் நன்றாக வரும். ஐந்து, பத்து நிமிடத்தில் டெலிவரி வாயில் சீறலும் துப்பலுமாக மாறி நின்றுவிடும். மறுபடி தண்ணீர் ஊற்றி நிரப்பினால் மறுபடி அதே கதை. முதல் பழி, சக்ஷன் (தண்ணீரை இழுக்கும்) ஹோஸின் அடிமுனையில் தண்ணீரைத் திரும்ப இறங்கவிடாமல் பிடிக்கும் ஃபுட் வால்வின் மேல் விழும். அதைக் கழற்றித் தோலை மாற்றுவார்கள். பாதி நேரம் கோளாறு அங்கே இருக்காது. பம்பின் வாயில், ஹோஸ் ஏறி உட்காரும் குழாய் முனையான காலருக்கும் பச்சை ஹோஸுக்கும் இடையே காற்று நுழைந்துகொண்டிருக்கும்.

இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டிருப்பது அந்த ஒரு இணைப்பைத்தான். கிணற்றோரத்தில் 5 எச்.பி. பம்பு, 2 அங்குலப் பச்சை சக்ஷன் ஹோஸ், நீர்மட்டம் பம்புக்கு 5 மீட்டர் கீழே. ஹோஸின் வெளிவிட்டம் ஏறக்குறைய 60 மி.மீ. இணைப்பில் கடையில் வாங்கிய திருகு ஹோஸ் கிளிப் ஒன்று. அதை எவ்வளவு முடுக்கினாலும் காற்று நிற்கவில்லை. அதற்கு மாற்றாகச் சாதாரண ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பியால் கிளிப் கட்டுவது, அந்தக் கம்பியை இறுக்கப் பட்டறையிலேயே ஒரு கருவி செய்துகொள்வது, இவைதான் பொருள்.

சக்ஷன் பக்கத்துக் கசிவு கண்ணுக்குத் தெரியாது. 5 மீட்டர் ஆழத்திலிருந்து இழுக்கும்போது குழாயின் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடப் பாதியளவு குறைந்திருக்கும். அதனால் தண்ணீர் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். சோதிக்க இரண்டு வழி உண்டு. பம்பு ஓடும்போது சோப்பு நுரையைக் கெட்டியாக அடித்து இணைப்பின் மேல் அப்பினால், ஓட்டை உள்ள இடத்தில் நுரை உள்வாங்கிக் குழி விழும். அல்லது பம்பை நிறுத்தி, டெலிவரி பைப்பில் நிற்கும் தண்ணீர் சக்ஷன் பக்கம் இறங்கி அழுத்தும்போது பார்க்கலாம். ஃபுட் வால்வு பிடித்திருந்தால், காற்று நுழைந்த வழியாகவே இப்போது தண்ணீர் முத்து முத்தாகக் கசியும். சாணியோ களிமண்ணோ பூசினால் அன்றைய பாசனம் ஓடிவிடும். காய்ந்து வெடித்ததும் பழையபடிதான்.

திருகு கிளிப் ஏன் இங்கே தோற்கிறது? அது மோசமான பொருள் அல்ல. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி லம்லி ராபின்சன் 1921-இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது, ஜூபிலி கிளிப் என்று பெயர் பெற்றது. வழவழப்பான ரப்பர் ஹோஸில் இன்றும் அதற்கு ஈடு குறைவு. ஆனால் பச்சை ஹோஸின் சுவரில் கெட்டியான பி.வி.சி. வரி ஒன்று திருகாணி போலச் சுற்றி ஓடுகிறது. தட்டையான பட்டை அந்த வரிகளின் முகட்டில் உட்கார்ந்து, இரண்டு முகடுகளுக்கு நடுவே பாலம் போல் நிற்கிறது. பள்ளத்தில் உள்ள மெத்தென்ற சுவர் காலரில் அழுந்துவதே இல்லை. அதோடு, திருகு இருக்கும் கூட்டின் அடியில் பட்டை வளையாமல் நேராக நிற்பதால் அங்கேயும் ஒரு சிறு இடைவெளி. மலிவான கிளிப்பில் இன்னொன்று சேரும்: கொஞ்சம் அழுத்தி முடுக்கினால் பட்டையின் பல்வரிசையில் திருகு வழுக்கிவிடும்.

இதெல்லாம் தெரிந்துதான் ஊர்களில் கட்டுக்கம்பியைச் சுற்றிக் கட்டிங் பிளேயரால் முறுக்குகிறார்கள். எண்ணம் சரிதான், உருண்டைக் கம்பி பள்ளத்துக்குள் இறங்கும். முறையில்தான் குறை. முறுக்கும்போது கம்பி ஒரே நேரத்தில் இழுபடவும் திருகுபடவும் செய்கிறது. முறுக்கின் வேரில் கம்பி கெட்டிப்பட்டு, தேவையான இறுக்கம் வருவதற்குள் பட்டென்று அறுந்துவிடுகிறது. அறுந்துவிடுமோ என்று ஒரு சுற்று முன்பே நிறுத்தினால் கசிகிறது. இழுப்பதை வேறாகவும் பூட்டுவதை வேறாகவும் பிரித்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. அமெரிக்காவில் கிளாம்ப்டைட் என்ற பெயரில் விற்கும் கருவி செய்வது அதைத்தான். அதன் தத்துவம் எளிது. மரை வேலை தெரிந்த எவரும் ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம்.

கருவியின் உறுப்புகள்

10 மி.மீ. போல்ட் ஒன்று, 100 மி.மீ. நீளம், தலைவரை முழு மரை உள்ளது. அதற்கு ஒரு விங் நட்டு, ஒரு வாஷர். 25 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் உள்ள இரும்புப் பட்டையில் 50 மி.மீ. துண்டு. 6 மி.மீ. போல்ட் இரண்டு, நட்டு, வாஷரோடு. அவ்வளவுதான். அங்குலக் கணக்கில் கேட்டு வாங்குவோர் மூன்று நூல் (3/8 அங்குல) போல்ட் என்று கேட்டாலும் போதும். ஒரு சுற்றுக்கு 10 மி.மீ. போல்ட் 1.5 மி.மீ. நகரும், மூன்று நூல் போல்ட் 1.6 மி.மீ.க்கு ஒரு மயிரிழை குறைவாக நகரும். வித்தியாசம் கையில் தெரியாது. ஆனால் ஒன்றின் நட்டை மற்றதில் ஏற்ற முயன்று மரையைக் கெடுப்பவர்கள் உண்டு.

பட்டைத் துண்டின் நடுவில் 11 மி.மீ. துளை. அதன் இருபுறமும் மையத்திலிருந்து 17 மி.மீ. தள்ளி 6 மி.மீ. போல்ட்டுக்கான துளைகள். நடுத்துளை போல்ட்டைவிட ஒரு மி.மீ. பெரிதாக இருப்பது வேண்டுமென்றேதான். கம்பியின் இரண்டு முனைகளும் ஒரே நீளத்தில் கட்டப்படுவது அரிது. துளை இறுக்கமாக இருந்தால் குட்டையான முனையே முழுப் பாரத்தையும் வாங்கி அறும். துளை தளர்வாக இருந்தால் பட்டை சற்றுச் சாய்ந்து, நுகத்தடி இரண்டு மாட்டுக்கும் பாரத்தைப் பங்கிடுவது போல் பங்கிட்டுவிடும்.

கோர்க்கும் வரிசையில் பலர் தவறுகிறார்கள். போல்ட்டின் முனை வழியாக முதலில் பட்டை, பிறகு வாஷர், கடைசியாக விங் நட்டு. அதாவது நட்டு, முனைக்கும் பட்டைக்கும் நடுவில் நிற்க வேண்டும். நட்டைத் தலைப்பக்கம் திருகினால் அது பட்டையைப் பின்னால் தள்ளும், பட்டையில் கட்டிய கம்பி முனைகள் இழுபடும். 100 மி.மீ. போல்ட்டில் மூக்கு (அரத்தால் ராவப்போகும் முனை), நட்டு, பட்டை ஆகியவற்றின் இடம் போக ஏறக்குறைய 55 மி.மீ. ஓட்டம் கிடைக்கும். இந்த ஹோஸுக்கு 40 மி.மீ. இருந்தாலே போதும். மரையில் கிரீஸ் தடவுங்கள். நட்டைத் திருகும்போது போல்ட்டும் சேர்ந்து சுற்றும் என்பதால் தலையை ஒரு ஸ்பானரால் பிடிக்க வேண்டும். வெல்டிங் வசதி இருந்தால் தலையில் ஒரு குறுக்குக் கம்பியைப் பற்றவைத்துக்கொள்ளலாம்.

மூக்கு

கருவியின் உயிர் போல்ட்டின் முனையில்தான் இருக்கிறது. இழுப்பது எந்த நட்டாலும் முடியும். இழுத்த இறுக்கத்தைக் கைவிடாமல் கம்பியை மடித்துப் பூட்டுவது மூக்கின் வேலை.

முனையில் 15 மி.மீ. நீளத்துக்கு இரண்டு பக்கங்களை அரத்தால் ராவி, மூக்கின் அகலத்தை 5 மி.மீ.க்குக் கொண்டுவர வேண்டும். கம்பியை நடுவில் மடித்துச் செய்யும் கண்ணிக்குள் இந்த மூக்கும், அதன் இருபுறமும் இரண்டு கம்பி முனைகளும் சேர்ந்து நுழைய வேண்டும். ராவாமல் 10 மி.மீ. உருண்டையாகவே விட்டால் கண்ணி 13 மி.மீ. அகலத்துக்கு விரியும். விரிந்த கண்ணியின் நடுவில் ஹோஸை அழுத்த எதுவும் இல்லை. திருகு கிளிப்பின் கூட்டுக்கடியில் இருந்த அதே ஓட்டையை நாமே செய்ததாகிவிடும்.

அடுத்து, முனையின் முகத்தில் ஒரு பள்ளம். கண்ணியின் வளைவு உட்காரும் இடம் இது. ராவிய ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை வெட்ட வேண்டும். ஹேக்ஸாவில் ஒரே பிளேடு போட்டால் பள்ளம் ஏறக்குறைய 1 மி.மீ. அகலம்தான் வரும், 16 கேஜ் கம்பி நுழையாது. இரண்டு பிளேடுகளை ஒட்டி வைத்து அறுத்தால் சரியாக 2 மி.மீ. அருகில் வரும். ஆழம் 1.5 முதல் 2 மி.மீ., அதாவது கம்பியின் தடிமன் அளவு, அதற்கு மேல் வேண்டாம். கம்பி நன்றாகப் பிடிக்கட்டும் என்று 5 மி.மீ. ஆழம் வெட்டுவதுதான் வழக்கமான பிழை. இறுக்கியபின் பூட்டுவதற்காகக் கருவியைத் தூக்கி மறுபக்கம் சாய்க்கும்போது பள்ளத்தின் இரு உதடுகளும் ஹோஸை நோக்கிக் குத்தும். உதடு நீளமாக இருந்தால் பி.வி.சி.யில் கீறல் விழும், மடித்த கம்பிக்கு அடியில் மூக்கு மாட்டிக்கொண்டு வெளியே வரவும் மறுக்கும். ஒரு மி.மீ.க்கும் குறைவாக இருந்தாலோ, இறுக்கும்போது கண்ணி நழுவிக் கருவி எகிறும்.

கடைசியாக, பள்ளத்தின் விளிம்பையும் உதடுகளையும் நைந்த அரத்தாலும் எமரித் தாளாலும் மழுக்கிவிட வேண்டும். கூர் விளிம்பு கம்பியில் ஒரு சிறு வெட்டு போட்டாலும் மடிக்கும்போது அங்கேதான் அறும்.

கம்பியும் கணக்கும்

16 கேஜ் ஜி.ஐ. கம்பி, தடிமன் 1.63 மி.மீ. இந்த வேலைக்கு இதுதான். மென்கம்பியின் இழுவலிமையைச் சதுர மி.மீ.க்கு 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், ஓர் இழை 80 கிலோவுக்குச் சற்று மேல் தாங்கும். விங் நட்டை விரலால் நன்றாக அழுத்தித் திருகினால் 10 மி.மீ. போல்ட்டில் மொத்த இழுப்பு 100 கிலோ அளவில் வரும், அதாவது இழைக்கு 50. கிரீஸ் போட்டிருந்தால் 65 வரை போகலாம். இரண்டும் பொருந்துகின்றன, கை ஓயும் இடத்தில் கம்பிக்கு இன்னும் சற்று மிச்சம் இருக்கிறது. விங் நட்டுக்குப் பதில் சாதா நட்டும் நீள ஸ்பானரும் போட்டால் இந்தக் காப்பு போய்விடும். ஒரு சுண்டு சுண்டினால் கம்பி அறுந்து முகத்தில் அடிக்கும். கண்ணாடி போட்டுக்கொள்வது எப்படியும் நல்லது.

18 கேஜ் கட்டுக்கம்பி 1.22 மி.மீ.தான். அது 45, 50 கிலோவிலேயே அறும் என்பதால், மேலே சொன்ன கைவிசையைத் தாங்காது. ஒரு அங்குலத்துக்குக் குறைந்த ஹோஸ்களுக்குக் கையை அடக்கிப் பயன்படுத்தலாம். கறுப்புக் கட்டுக்கம்பி துருவும் பிடிக்கும். வேலிக்குப் போடும் 12 கேஜ் கம்பி மடியாது. ஸ்டெயின்லெஸ் வேண்டுமென்றால் பதம் போட்டு மென்மையாக்கிய 304 ரகக் கம்பியில் 1.2 மி.மீ. போதும். பட்டறையில் கிடக்கிறதே என்று 1.6 மி.மீ. ஸ்டெயின்லெஸ் வெல்டிங் கம்பியை எடுக்காதீர்கள். அது வில் போல விறைப்பானது, மடித்த இடம் மெல்ல எழுந்து நிற்கும். செம்புக் கம்பி நீண்டுகொண்டே போகும்.

நீளம்: 60 மி.மீ. விட்டத்துக்குச் சுற்றளவு 188 மி.மீ. இரட்டைச் சுற்றுக்கு ஓர் இழைக்கு 376, கருவியில் கட்ட 150. மொத்தம் 526. இழைகள் இரண்டு, ஆக 1.05 மீட்டர். ஒரு கிலோ 16 கேஜ் கம்பி ஏறக்குறைய 61 மீட்டர் இருக்கும், அதில் வீணானது போக 55 கிளிப்பாவது கட்டலாம்.

கட்டும் முறை

முதலில் ஹோஸின் நுனியை நேராக வெட்டி, கொதிநீரில் இரண்டு நிமிடம் முக்கி மெத்தென்று ஆனதும் காலரில் கடைசிவரை ஏற்றுங்கள். காலர் என்பது வளையம் வளையமாகப் படி வைத்ததாக இருக்க வேண்டும். மரை போட்ட ஜி.ஐ. நிப்பிளில் ஹோஸை ஏற்றிக் கட்டியிருந்தால் எந்தக் கிளிப்பும் உதவாது. மரையின் பள்ளமே காற்றுக்குச் சுருள் பாதை. ஹோஸ் ஆறி பழைய விறைப்புக்கு வரும்வரை பொறுங்கள். சூட்டிலேயே கட்டினால் ஆறும்போது சுருங்கித் தளரும்.

கம்பியை நடுவில் மடித்து, மூக்கின் அகலத்துக்கு ஏற்ற ஒரு கண்ணி செய்துகொள்ளுங்கள். கண்ணியை ஹோஸின் மேல் வைத்து, இரண்டு இழைகளையும் பக்கம் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணியின் வளைவுக்கு அடியில் நுழைத்து எடுங்கள். மறுபடி ஒரு சுற்று, மறுபடி அதே கண்ணிக்குள். இழைகள் எங்கும் ஒன்றின்மேல் ஒன்று ஏறக்கூடாது. ஏறிய இடத்தில் அழுத்தமெல்லாம் ஒரு புள்ளியில் போய்ப் பக்கத்தில் ஓட்டை விடும். நான்கு இழைகளும் படுத்திருந்தால் அகலம் ஆறரை மி.மீ. கிடைக்கும். இடம் ஹோஸின் நுனியிலிருந்து 12 முதல் 15 மி.மீ. உள்ளே, காலரின் இரண்டு படிகளுக்கு நடுவேயுள்ள பள்ளத்தின் மேல்.

கையால் இழுத்துத் தொய்வை எடுத்தபின், மூக்கைக் கண்ணிக்குள் விட்டு வளைவைப் பள்ளத்தில் உட்காரவைத்து, இரு முனைகளையும் பட்டையின் 6 மி.மீ. போல்ட்களில் ஒன்றரைச் சுற்றுச் சுற்றி வாஷருக்கு அடியில் முடுக்குங்கள். இனி விங் நட்டு. மூக்கு கண்ணியை ஒரு பக்கம் தள்ளும், பட்டை முனைகளை எதிர்ப்பக்கம் இழுக்கும், வளையம் இரு பக்கமிருந்தும் இறுகும்.

இங்கே உராய்வு ஒரு விளையாட்டு காட்டும். உராய்வுக் கெழு 0.3 என்று வைத்தால், ஒற்றைச் சுற்றில் பூட்டுக்கு நேர் எதிரே உள்ள இழுப்பு, பூட்டருகே உள்ளதில் 39 சதவீதம்தான். இரட்டைச் சுற்றின் நடுவில் 15 சதவீதம். மேலே கம்பி வீணைத் தந்தி போல நிற்கும், சுற்றின் நடுப்பகுதி சோம்பிக் கிடக்கும். கெழு 0.1 ஆனால் அந்த 15, 53 ஆகிவிடும். ஆகவே சுற்றுவதற்கு முன் அந்த இடத்தில் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். பாதி இறுக்கியதும் நிறுத்தி, ஸ்குரூடிரைவர் கைப்பிடியால் வளையத்தைச் சுற்றிலும் தட்டுங்கள். கம்பி நகர்ந்து இடம் கொடுக்கும், நட்டு மறுபடி இரண்டு மூன்று சுற்று எளிதாகத் திரும்பும். தட்டினாலும் இனி நட்டு லேசாகத் திரும்பவில்லை என்ற நிலைதான் முடிவு. சுற்றை எண்ணி முடிவு செய்ய முடியாது.

பிறகு பூட்டு. நட்டைத் தொடாமல், கருவியை அப்படியே தூக்கி, செங்குத்தைத் தாண்டி மறுபக்கம் படுக்கும்வரை சாய்க்க வேண்டும். கம்பி முனைகள் கண்ணி வளைவின் மேல் பின்னோக்கி மடியும். செங்குத்துக்கு வரும் முன் இழுப்பு சற்றுத் தளர்ந்ததாகத் தெரிந்தால் அரைச் சுற்று கூட்டலாம். செங்குத்தைத் தாண்டிய பின் முடுக்கினால் வளையத்துக்கு எதுவும் போய்ச் சேராது, கம்பிதான் மடிப்பில் அறும். முழுதாகப் படுத்தபின் நட்டைத் தளர்த்தி, முனைகளை 6 மி.மீ. விட்டு வெட்டி, சுத்தியலால் மெதுவாகத் தட்டி ஹோஸோடு படுக்கவையுங்கள். அந்த 6 மி.மீ.யைக் குறைத்தால் மடிப்பு நழுவும். கூட்டினால் அடுத்து ஹோஸைப் பிடிப்பவர் கை கிழியும்.

வரியைத் தாண்டும் இடம்

ஹோஸின் வரி சுருளாக ஓடுகிறது, கம்பி வளையமோ வட்டம். ஆகவே சுற்றில் ஓர் இடத்திலாவது கம்பி ஒரு முகட்டைத் தாண்டியே தீர வேண்டும். அங்கே அது கூடாரம் போல் எழும்பி, இருபுறமும் சுவரை அழுத்தாமல் விட்டுவிடும். நான்கு இழை போட்டும் ஒரு மூலையில் நுரை உள்வாங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். தீர்வு சைக்கிள் டியூபில் இருக்கிறது. டியூபை 10 மி.மீ. பட்டையாக வெட்டி, இழுத்துப் பிடித்தபடி பள்ளத்தில் சுற்றி, முகட்டு மட்டத்துக்கு நிரப்புங்கள். மேலே ஒரு சுற்று முழுவதும் மூடி, அதன்மேல் கம்பி. ரப்பர் இன்னொரு உதவியும் செய்கிறது. பி.வி.சி. வெயிலில் அழுத்தத்துக்கு மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கும் பொருள், சில நாளில் கம்பிக்கடியில் தடம் விழுந்து இறுக்கம் குறையும். ரப்பர் பட்டை வில்லாக நின்று அந்தக் குறைவை ஈடுகட்டும்.

சக்ஷன் இணைப்புக்கு ஒரு கிளிப் போதாது. 20 மி.மீ. இடைவெளியில் இரண்டு, பூட்டுகள் எதிரெதிர்ப் பக்கம். ஒன்று விட்ட இடத்தை மற்றது பிடிக்கும்.

கம்பிக் கிளிப்பின் பெரிய குறையையும் சொல்ல வேண்டும். திருகு கிளிப்பை மறுபடி முடுக்கலாம், இதை முடியாது. தளர்ந்தால் வெட்டியெறிந்து புதிதாகத்தான் கட்ட வேண்டும். ஆகவே அடிக்கடி கழற்றி மாட்டும் டெலிவரி ஹோஸுக்கு இது ஏற்றதல்ல. மெல்லிய தட்டை ஹோஸைக் கம்பி அறுத்துவிடும். சமையல் கேஸ் டியூபிலும், பவர் ஸ்பிரேயரின் உயரழுத்தக் குழாயிலும், டிராக்டர் ஹைட்ராலிக் குழாயிலும் இதைத் தொடவே கூடாது, அவற்றின் முனைகள் அதற்கென்றே அமைந்தவை. ரேடியேட்டர் ஹோஸில் பட்டறை போய்ச் சேரும்வரைக்கும் தாங்கும்.

கட்டி முடித்ததும் பம்பை அரை மணி ஓட்டி நுரைச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஒரு வாரம் வெயில் பட்டபின் இன்னொரு முறை. ஜி.ஐ. பூச்சு மடிப்பில் வெடித்திருக்கும் என்பதால் துரு முதலில் அங்கேதான் தலைகாட்டும். அதன்மேல் ஒரு சொட்டு பெயின்ட் வைத்துவிடலாம். கழற்ற வேண்டிய நாளில் மடிப்பை நிமிர்த்தப் பாடுபடாமல், பூட்டுக்கு எதிர்ப்பக்கத்தில் இழைகளுக்கு அடியில் ஸ்குரூடிரைவரைக் கொடுத்து நெம்பி ஒவ்வொன்றாகக் கட்டிங் பிளேயரால் வெட்டுங்கள். கம்பித் தடம் விழுந்த ஹோஸ் நுனியை 40 மி.மீ. வெட்டிவிட்டே மறுபடி ஏற்ற வேண்டும்.